ஒன்பதாவது கேள்விக்கு ஒரே ஒரு 'உண்டு'

நல்ல ஆராய்ச்சி கெட்ட கைக்குப் போகாமல் பார்ப்பது என் தொழில். நடைமுறையில், ஃபைலை நிறுத்திவைத்துத் திட்டு வாங்குவது. வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் கிருமி ஆராய்ச்சிப் பாதுகாப்புக் குழுவின் செயலாளர் நான். கையெழுத்துப் போடத் தாமதித்தே எதிரிகளைச் சம்பாதித்த அன்பர்களே, நீங்கள்தான் என் கட்சி.

கீரை விதை

எங்கள் விண்ணப்பத்தில் ஒன்பதாவது கேள்வி: 'இந்த ஆராய்ச்சியை யாராவது தீங்குக்குப் பயன்படுத்த முடியுமா?' எல்லாரும் 'இல்லை' என்றுதான் எழுதுவார்கள். மருந்துக்கு மசியாத கிருமியை ஆராய வந்த ஒரு பேராசிரியர், 'இல்லை, இது வெறும் கீரை விதை' என்று எழுதியிருந்தார். போன வருடம் கீரை ஆராய்ச்சிக்குக் கொடுத்த விண்ணப்பத்தில் தலைப்பை மட்டும் மாற்றியிருக்கிறார். கேட்டதற்குக் கோபம் வேறு.

"போன வருஷம் இதே பதிலுக்குத்தானே சார் கையெழுத்துப் போட்டீங்க?"

'கீரை விதை'யை மட்டும் பேனாவால் அடித்துக் கொடுத்தார். 'இல்லை' மிஞ்சியது. நானும் போட்டுத் தொலைத்தேன்.

சாவி

'உண்டு' என்று எழுதிய ஒரே ஆள் நசீமா. பூந்தமல்லிப் பெண், முனைவர் பட்ட மாணவி. கீழே ஒரு வரி வேறு: 'கிருமிகள் இருக்கும் ஃப்ரீசர் அறைச் சாவி யார் கைக்கும் எட்டும்.' எனக்குச் சுருக்கென்றது. மாதாமாதம் அந்த அறைக்கு 'சரி' போடுபவன் நான்தான். ஓடிப்போய்ப் பார்த்தேன். பூட்டு பளபளவென்று தொங்கியது. சாவியைக் கேட்டதும், ஆய்வக உதவியாளர் செல்வம் கதவுச் சட்டத்தின் மேல் கையை விட்டு எடுத்துக் கொடுத்தார்.

"எப்பவும் இங்கதான் சார் கீது. எல்லாருக்கும் தெரியும், அதான் தொலையாம கீது."

உண்மையின் விலை

'உண்டு' என்றால் விதிப்படி வெளி நிபுணர் வர வேண்டும். மெட்ரோ வேலை நெரிசலில் மாட்டி அவர் இரண்டு முறை பாதியிலேயே திரும்பினார். மாதக் கடைசிக்குள் அனுமதி வராவிட்டால் நசீமாவுக்கு ஒரு வருடம் போச்சு. மூன்று நாள்தான் பாக்கி என்ற நிலையில் வந்து நின்றாள்.

"அந்தப் பேப்பரைக் குடுங்க சார். நானும் 'இல்லை'ன்னே எழுதிடறேன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பேப்பரைக் கொடுக்கவில்லை.

நிபுணர்

மறுநாள் விடிந்ததும் நிபுணரை என் ஸ்கூட்டரிலேயே ஏற்றி வந்தேன். நாள் முழுக்கப் படித்தார். ஒரு சோதனையை நீக்கினார். சாவிக்கு இரண்டு பேரைப் பொறுப்பாக்கச் சொன்னார். நசீமாவுக்கு அனுமதி கொடுத்தார். பிறகு நான் கையெழுத்துப் போட்ட பழைய ஃபைல்களைக் கேட்டு வாங்கிப் புரட்டினார்.

"எல்லாரும் 'இல்லை'ன்னு எழுதியிருக்காங்களே, எல்லாரோட கிருமியும் இருக்கிற ஃப்ரீசர் ஒண்ணுதானே சார்?"

இப்போது அந்த ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து படிக்கிறேன். இத்தனை வருடக் கண்காணிப்பில் கையும் களவுமாகப் பிடிபட்ட முதல் ஆள் நான்தான்.