அடையாளம் தெரியாத கொடி

இந்தக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளின் பாதுகாப்பு அதிகாரிகள் எங்கோ ஒரு ஹோட்டலில் கூடிப் பேசியதைப் பற்றி நான் ஒருமுறை செய்தி எழுதியிருக்கிறேன். ஆறு வரி. அதில் 'தகவல் பரிமாற்றம்' என்ற சொல் இரண்டு முறை வந்ததால் ஒன்றை வெட்டினேன். கூட்டுப் பயிற்சி, கூட்டு ரோந்து, ஒப்பந்தம் என்று வரும் குறிப்புகளை ராமநாதபுரத்தில் உட்கார்ந்து சுருக்குவது என் வேலைகளில் ஒன்று. 'தகவல் பரிமாற்றம்' என்ற அந்தச் சொல்லின் பொருளை ஒரு டிசம்பர் காலையில் மண்டபத்தில் கண்ணால் பார்த்தேன்.

பாம்பனிலிருந்து தென்கடலுக்குப் போன ஒரு நாட்டுப்படகு திரும்பவில்லை. நான்கு பேர். மறுநாளே வந்திருக்க வேண்டியவர்கள். ஆறாவது நாள் ஆகியிருந்தது. மூன்று நாளுக்குத்தான் தண்ணீர் கொண்டுபோயிருந்தார்கள். வாடைக்காற்று விடாமல் அடித்தது. ஊர்ப் படகுகள் தேடிவிட்டு வெறுமனே திரும்பியிருந்தன. படகுக்காரரின் மனைவி தன் தம்பியுடன் என்னிடம் வந்தார். அவர்கள் தெருவுக்குக் குடிநீர் வராததை முன்பு எழுதியிருந்தேன், அந்தப் பழக்கம்.

"பேப்பர்ல போடுங்கண்ணே. போட்டாத்தேன் தேடுவாக."

"தேடிக்கிட்டுத்தான் இருக்காங்கம்மா" என்றேன். செய்திக் குறிப்பில் அப்படித்தான் இருந்தது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அதனால் இருவரையும் அழைத்துக்கொண்டு மண்டபம் கடலோரக் காவல்படை முகாமுக்குப் போனேன்.

பணியிலிருந்த அதிகாரி வடமாநிலத்தவர். பாம்பனுக்கு ஆள் அனுப்ப இருந்ததாகச் சொன்னார். குடும்பத்தாரிடம் ஒரு படத்தைக் காட்ட வேண்டும். அவருக்குத் தமிழ் அவ்வளவாக வராது என்பதால் மொழிபெயர்க்க என்னையும் உள்ளே விட்டார். கைப்பேசிகளை வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள்.

அறையில் ஒரு பெரிய திரை. கடல் முழுக்கப் புள்ளிகள், ஒவ்வொன்றும் ஒரு கப்பல். கன்னியாகுமரிக்குத் தென்மேற்கே விசிறி போல ஒரு வடிவம் வரையப்பட்டிருந்தது. என்ஜின் நின்ற படகைக் காற்றும் நீரோட்டமும் எங்கே கொண்டுபோயிருக்கும் என்ற கணக்கு அது. நாளுக்கு நாள் அது அகன்றுகொண்டே போனதாம். விசிறியின் ஓரங்கள் இரண்டு கோடுகளைத் தாண்டியிருந்தன. அவை நான் இத்தனை வருடமாக எழுதிவரும் எல்லைக் கோடுகள் அல்ல. யார் தேட வேண்டும் என்பதற்கான கோடுகள். ஒரு பக்கம் இலங்கை, இன்னொரு பக்கம் மாலத்தீவு, நடுவில் நாம். பாம்பன்காரர்கள் நான்கு பேருக்காக மூன்று நாடுகள் அந்த விசிறியைப் பிரித்துக்கொண்டு நான்கு நாளாகத் தேடிக்கொண்டிருந்தன.

படம் அன்று காலை மாலத்தீவின் ரோந்து விமானம் எடுத்தது. ஒரு சிறிய படகு. பக்கவாட்டில் எழுதும் பதிவு எண் அலையிலும் நிழலிலும் மறைந்திருந்தது. மேலே வண்ணத்துணி போல ஏதோ ஒன்று. கூடவே வந்த குறிப்பில், 'மேலே அடையாளம் தெரியாத கொடி' என்று இருந்தது. எல்லா நாட்டுக் கொடிகளோடும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள், பொருந்தவில்லை என்றார் அதிகாரி. எரிபொருள் குறைந்து விமானம் திரும்பிவிட்டது. பக்கத்தில் இருந்தது இலங்கையின் ரோந்துக் கப்பல் ஒன்றுதான். அதுவும் வேறொரு பொருள் மிதப்பதாக வந்த தகவலை நம்பி எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. படத்தில் இருப்பது காணாமல்போன படகுதான் என்று உறுதியானால்தான் அதைத் திருப்பச் சொல்ல முடியும்.

தம்பிதான் முதலில் பேசினார். "இது நம்ம படகு இல்லக்கா. மச்சான் வெள்ளைப் பக்கத்தத்தானே மேல போடுவாரு."

விழா முடிந்த பிளெக்ஸ் பதாகைகளை இங்கே யாரும் தூக்கி எறிவதில்லை. படகுக்கு நிழலாகக் கட்டுவார்கள். வெயில் இறங்காமல் இருக்க வெள்ளைப் பின்புறம் மேலே, படம் கீழே. கிளம்பிய அன்றும் அப்படித்தான் கட்டியிருந்தாராம்.

படகுக்காரரின் மனைவி திரைக்கு அருகே போனார்.

"ஏலே, கண்ணத் தொடச்சிட்டுப் பாரு. இது கொடியில்ல. எம் மவ."

அதிகாரியிடம் படத்தைப் பெரிதாக்கச் சொன்னேன். அது கட்டம் கட்டமாகச் சிதறியது. நடுவில் ஒரு மஞ்சள் திட்டு.

"அது கிரீடம்ணே. போன வருசம் காதுகுத்துக்கு அடிச்சது. கீழ வரிசையா தாய்மாமனுக. எண்ணச் சொல்லுங்க, ஆறு பேரு. மூணாவதா இந்தப் பய, கருப்புக் கண்ணாடி மாட்டிக்கிட்டு."

"எல்லாருந்தேன் போட்டாக" என்று தம்பி முணுமுணுத்தார்.

"ஒருத்தரும் போடல. நீ மட்டுந்தேன்."

அதிகாரி பேனா முனையை வைத்து எண்ணினார். ஆறு வட்டங்கள். மூன்றாவது மற்றவற்றைவிடக் கறுப்பு. இவர்கள் யார் என்று கேட்டார். தாயின் உடன்பிறந்தவர்கள், காது குத்தும்போது குழந்தையை மடியில் வைத்துக்கொள்வது அவர்கள் உரிமை என்றேன். அவர் தட்டெழுதினார்: அது கொடி அல்ல. ஒரு பெண் குழந்தையின் காதணி விழாப் பதாகை. கீழே ஆறு மாமன்மார். தாய் நேரில் பார்த்து உறுதி செய்தார். ஒரு சொல்கூட அதிகமில்லை. அது கொழும்புக்கும் மாலேவுக்கும் ஒரே நேரத்தில் போனது.

கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு புள்ளியின் முனை மெல்ல மேற்கே திரும்பியது. அவ்வளவுதான் நடந்தது. இவ்வளவு பெரிய ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அதுதான் அவுகளா?"

"இல்லம்மா. அவுகளத் தேடிப்போற கப்பல்."

"எந்த ஊருக் கப்பல்?"

"இலங்கை."

அவர் முகம் மாறியது. "கிட்டத்துல போறதுக்கு முந்தி தமிழ்ல கூப்பிடச் சொல்லுங்கண்ணே. பிடிக்க வாராகன்னு பயந்து தண்ணியில குதிச்சாலும் குதிச்சிருவாக."

நான் அதை மொழிபெயர்த்தபோது அதிகாரி சிரிக்கவில்லை. இன்னொரு வரி தட்டி அனுப்பினார்.

பிற்பகலில் பதில் வந்தது. நான்கு பேரும் உயிருடன். தம்பி தரையில் உட்கார்ந்து அழுதார். அக்கா அவர் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார்.

சில நாள் கழித்து, நடுக்கடலில் நம் கப்பலுக்கு மாற்றப்பட்டு, நால்வரும் மண்டபம் ஜெட்டியில் இறங்கினார்கள். படகைக் கடலிலேயே விட்டுவிட வேண்டியதாயிற்று. படகுக்காரர் அக்குளில் பதாகையைச் சுருட்டி வைத்திருந்தார். உதடுகள் வெடித்திருந்தன.

"இலங்கைக் கப்பல் மைக்குல, 'காதுகுத்து வீட்டுக்காரரோ'ன்னு கேட்டாகண்ணே. தண்ணியில்லாம மூளை கலங்கிருச்சுன்னு நெனச்சேன்."

மனைவி அதற்குச் சிரிக்கவில்லை. "ஏன் திருப்பிப் போட்டீக? வெள்ளை மேல இருந்தாத்தானே நெழலு?"

"மூணாம் நாளு ஒரு பிளேன் தலைக்கு மேலயே போச்சு. எங்களப் பாக்கல. கடலெல்லாம் வெள்ளை நுரை, அதுல நாங்களும் ஒரு வெள்ளை. அப்பறந்தான் படத்த மேல திருப்புனோம். கீழ கெடந்து வெந்தோம், போ."

அவர் மனைவி பதாகையை வாங்கி ஜெட்டித் தரையில் விரித்தார். குழந்தையின் முகம் வெளுத்திருந்தது. கிரீடம் மட்டும் மஞ்சளாகவே இருந்தது. ஜெட்டிக்கு வந்திருந்த அந்த முகாம் அதிகாரி குனிந்து, கீழ்வரிசையில் மூன்றாவது வட்டத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து தம்பியைப் பார்த்தார். தம்பி சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.