சாமைச்சோறும் இரண்டு டப்பாக்களும்

கள்ளக்குறிச்சி வைத்தியர் என் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, களிம்பு எதுவும் தரவில்லை. ஒரு மாதப் பத்தியம் சொன்னார். புளி, மிளகாய், கத்தரிக்காய், கருவாடு, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, சர்க்கரை, டீ, கடைப் பலகாரம் எதுவும் ஆகாது. சாமைச்சோறு, பாசிப்பயறு, சுரைக்காய், மிளகு, உப்பு, அவ்வளவுதான். மாதம் முடிந்தபின் விட்டதை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தால், எது கையைக் கெடுக்கிறதென்று தெரிந்துவிடும். நடுவில் ஆசைப்பட்டு ஒரு வாய் சாப்பிட்டாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றார்.

நான் ஆரம்பப்பள்ளி டீச்சர். சாக்பீஸ் பிடித்தால் விரல் இடுக்கில் ரத்தம் கசியும். கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பாடம் நடத்தி அலுத்துப்போயிருந்தேன். கல்வராயன் மலையிலிருந்து சந்தைக்கு வந்தவர்களிடம் சாமை வாங்கினேன். எனக்கென்று தனி அடுப்பு, தனிச் சட்டி. ஒரு வீட்டில் இரண்டு உலையா என்று மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆமாம், இரண்டு உலைதான் என்றேன். நான் பிடித்தால் பிடித்ததுதான் என்பது அவருக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

எங்கள் சாதிக்கு இடஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியல் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. ஒரு வாரம் பஸ் இல்லை. ரோட்டோர மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். வெட்டியவர்களில் என் கொழுந்தனும் ஒருவன். கேட்டது நியாயம் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்தோம், நானும்தான். ஆனால் அந்த வாரம் சில ஊர்களில் காலனிக் குடிசைகள் எரிந்தன. எங்கள் ஊரில் ஒன்றும் நடக்கவில்லை. நடக்கவில்லையே தவிர, ஊர்க்காரர்களும் காலனிக்காரர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

மறுபடி பள்ளி திறந்த நாளும் என் பத்தியத்தின் முதல் நாளும் ஒன்றாக வந்து சேர்ந்தன.

பள்ளியில் நாங்கள் இரண்டே டீச்சர்கள். மற்றவள் காலனிப் பெண். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்தே மதியம் டப்பாவை மாற்றிச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். என் சோறு அவளுக்கு, அவள் சோறு எனக்கு. அவள் வைக்கும் கருவாட்டுக் குழம்புக்காகவே காலையில் அரைவயிறு சாப்பிட்டுப் போவேன்.

அன்றும் டப்பாவை என் பக்கம் தள்ளினாள். எனக்கு வேண்டாம், இன்றிலிருந்து பத்தியம் என்றேன். கையை நீட்டிக்கூடக் காட்டினேன். அவள் கையைப் பார்க்கவில்லை.

"சரிங்க டீச்சர்" என்றாள். என்னை வாடி போடி என்று பேசுகிறவள். டப்பாவை எடுத்துக்கொண்டு மூன்றாம் வகுப்புக்குப் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாள்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் பழகியும் என்னை இப்படி நினைத்துவிட்டாளே என்று பொருமினேன். வீட்டுக்குப் போகிற வழியில் வெட்டுப்பட்ட அடிமரங்கள் வரிசையாக நின்றன. அந்த வாரத்துக்குப் பிறகு அவள் வேறு எப்படி நினைப்பாள்? கோபம் போய்ப் பயம் பிடித்துக்கொண்டது. பத்தியத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு, நாளைக்கு அவள் குழம்பைச் சாப்பிட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். கை எரிந்தது. கையும் வேண்டும், அவளும் வேண்டும், இரண்டில் எதையும் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

சாமையையும் பயறையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு சாயங்காலமே காலனிக்குக் கிளம்பினேன். ஊர் இருக்கிற இருப்பில் நாலு பேர் பார்த்தால் என்ன ஆகும் என்று மாமியார் வாசலில் மறித்தார். பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டு நடந்தேன். பார்த்தார்கள். டீக்கடையில் பேச்சு நின்றது. அத்தனை வருஷம் அவள் வீட்டுச் சோற்றைத் தின்றவள், அவள் வீடு எது என்று விசாரித்துத்தான் போகவேண்டியிருந்தது. வெட்கமாக இருந்தது.

என்னைப் பார்த்ததும் அவள் பதறிப்போனாள்.

"இந்த நேரத்துல பைய தூக்கிக்கினு எதுக்கு இங்க வந்த? உங்க வூட்ல தெரிஞ்சா இன்னா ஆவும்?"

"சொல்லிட்டுதான் வந்தேன். இந்தா சாமை. இந்த மாசம் எனக்கு மதியச் சோறு நீதான் ஆக்கணும்."

அவள் என் கையைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினாள். வெடிப்புகளை ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள். பையை மட்டும் வாங்கவில்லை.

"உன் சாமைய நீயே வெச்சிக்க" என்றாள். எதெல்லாம் ஆகும், எதெல்லாம் ஆகாது என்று கேட்டுக்கொண்டாள். சொன்னேன். தண்ணீர் கொடுத்தாள், குடித்தேன். பையோடு திரும்பி நடந்தபோது அழுகை வந்தது. அவளை இழந்துவிட்டதாகவே நினைத்தேன்.

மறுநாள் காலையிலும் எனக்கு நானே ஆக்கிக் கட்டிக்கொண்டு போனேன். மதியம் மணி அடித்ததும் அவள் மூன்றாம் வகுப்புக்குப் போகவில்லை. என் எதிரில் வந்து உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். உள்ளே சாமைச்சோறு, பாசிப்பயறு, சுரைக்காய். மலைக்குக் கூலிவேலைக்குப் போய்வருகிற வீடுகள் அவர்கள் தெருவில் உண்டு. அங்கே சாமை வாங்கியிருக்கிறாள்.

என் டப்பாவிலும் அதேதான் இருந்தது. தன்னுடையதை என் பக்கம் தள்ளிவிட்டு, என்னுடையதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒரு வாய் வைத்தாள்.

"இன்னாடி இது, உப்பே காணோம். இந்த மாசம் பூரா நான் இதத்தான் துண்ணணுமா?"