மந்தார வானமும் யூ.வி. சென்சாரும்

கல்லூரி எலெக்ட்ரானிக்ஸ் லேபில் டெக்னீஷியனாக இருந்த காலத்தில் எத்தனையோ கருவிகள் செய்திருக்கிறேன். அவற்றில் ஒன்றின் ரீடிங்குக்காக ஒரு சவ ஊர்வலமே காத்திருந்தது.

எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட் பிலோமினாவுக்கு லூபஸ் என்ற நோய். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால் அது முற்றிவிடும். அண்ணன் கல்யாணத்தில் வெயிலில் நின்றுவிட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இன்னொரு தடவை என்றால் கிட்னி தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் கையகல கம்ப்யூட்டர் போர்டில் அந்தக் கதிரை அளக்கும் ஒரு யூ.வி. சென்சாரை இணைத்து, சின்னத் திரையில் அதன் அளவு எண்ணாகத் தெரியும்படி செய்து கொடுத்தேன். எண் ஒன்றுக்குக் கீழே இருந்தால்தான் அவள் வெளியே வரலாம்.

முதல் நாளே போன் செய்தாள். "பாய், உச்சி வெயில்ல சைபர் காட்டுதே?"

போய்ப் பார்த்தால், மூடிய ஜன்னலுக்குள் வைத்திருக்கிறாள். கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும்.

"சட்டியை மூடி வச்சிட்டு மழையே பெய்யலேன்னு சொல்லுவியாம்மா?" என்று கடிந்துகொண்டேன். அன்றிலிருந்து வாசலில் வைத்துத்தான் பார்ப்பாள்.

அவள் அம்மா இறந்தபோது, அண்ணன் அந்தோணி பிரான்ஸிலிருந்து வரும்வரை உடல் ஐஸ் பெட்டியில் இருந்தது. அடக்கம் மதியம் மூன்று மணிக்கு. வானம் மப்பும் மந்தாரமுமாக இருந்தது. புறப்படும் நேரத்தில் வாசலில் ரீடிங் எடுத்தேன். ஆறு.

"வெயிலே இல்லியே பாய்," என்றார் அந்தோணி. "இந்த டப்பா பேச்சைக் கேட்டு அம்மாவை இன்னும் எவ்வளவு நேரம் போட்டு வைக்கிறது? அவ குடை பிடிச்சிக்கிட்டு வரட்டும்."

நான் வாதாடவில்லை. சென்சாரைக் கையால் பொத்தினேன், சைபர். கையை எடுத்தேன், ஆறு. குடைக்குள் முகத்துக்கு நேராகப் பிடித்தேன், இரண்டரை. மேகத்தைத் தாண்டி வருகிற கதிர் பக்கவாட்டிலும் வரும்.

உள்ளேயிருந்து பிலோமினா சொன்னாள்: "ஒரு பிடி மண்ணு போடணும் பாய். அது போதும் எனக்கு."

அந்தோணி கருவியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"அடக்கத்தைத் தள்ளி வைக்கச் சொல்லி சர்ச் சாமியார்கிட்ட நான் பேசிக்கிறேன்," என்றார்.

தெருவில் நின்று அவரே ரீடிங் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு. மூன்று. இரண்டு. வந்த சனம் ஒருவரும் எழுந்து போகவில்லை.

வெளிச்சம் தணிந்த பிறகு அவர் குரல் கேட்டது. "ஒன்னு." மறுபடி திரையைப் பார்த்தார். "ஒன்னுக்குக் கீழ வந்திட்டு. பிலோ, செருப்பைப் போடு. அம்மா காத்துக்கிட்டிருக்கு."

பிலோமினா தன் கையாலேயே மண் போட்டாள்.

லேபில் இருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வானத்தைப் பார்த்து வெயிலை முடிவு செய்யாதீர்கள். சென்சாரை வெளியே வைத்துப் பாருங்கள். அன்று கண்ணால் பார்த்ததை நம்பி மூன்று மணிக்கே பெட்டியைத் தூக்கியிருந்தால், அவள் மண் போட்ட கையோடு மறுபடி ஆஸ்பத்திரியில் கிடந்திருப்பாள்.