ஐஸ் பெட்டியின் மேல் ஏழு பெயர்

ஒருவரை ஒழிக என்று சொல்ல மூச்சு இருந்தால் போதும். ஒருவரை அறிமுகம் செய்ய அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் இந்த வேலையில் உள்ள கஷ்டம்.

ஊர்ச் சங்கம், அறக்கட்டளை, பெற்றோர் ஆசிரியர் கழகம் என்று எதிலாவது மாட்டிக்கொண்டு, மைக்கைப் பிடித்து “அடுத்ததாக” என்று சொல்லியே காலம் தள்ளுகிறவர்களுக்கு இது புரியும். நான் அதற்கு முன்னால் பல வருசம் மைக் இல்லாமலே கத்தியவன். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்குமேல் கற்றதெல்லாம் துண்டறிக்கை படித்தும், துண்டறிக்கை எழுதியும், துண்டறிக்கைக்காக லாக்கப்பில் உட்கார்ந்தும் கற்றது. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிப் பக்கம் போகிற பஸ்களில் ஒன்று, நாங்கள் ரோட்டில் படுத்ததால் வந்தது. அதில் இன்றைக்கும் நான் டிக்கெட் எடுத்துத்தான் போகிறேன், பெரும்பாலும் நின்றுகொண்டு.

இப்போது இருப்பது ஓர் அறக்கட்டளையில். அதற்கு ஒரே வேலை, சாவு வீடுகளுக்கு ஐஸ் பெட்டி இலவசமாகக் கொடுப்பது. எங்கள் பக்கத்து வெயிலை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் துபாயிலும் இருக்கிறார்கள். அவர்கள் வந்து முகம் பார்க்கிறவரை வெயில் பொறுத்துக்கொள்ளாது. நிர்வாகிகள் ஏழு பேர். யாருக்கும் சம்பளம் கிடையாது. நான் செயலாளர். சேரும்போதே இரண்டு நிபந்தனை போட்டேன். பெட்டி எல்லாத் தெருவுக்கும் போக வேண்டும். ஏழாவது நிர்வாகியாகக் காலனித் தெரு முத்துராக்கு இருக்க வேண்டும்.

முத்துராக்கு நூல் மில்லில் வேலை பார்க்கிறவர். அவருடைய அம்மா ஒரு சித்திரை மாதத்தில் இறந்தார். டவுனில் வாடகைப் பெட்டி வைத்திருந்த ஆள், தெருவின் பெயரைக் கேட்டுவிட்டு வண்டி ரிப்பேர் என்று சொல்லிவிட்டார். கோயம்புத்தூரிலிருந்து தம்பி வந்து சேருகிறவரை, மீன் வண்டிக்காரரிடம் வாங்கிய ஐஸ் கட்டிகளை வைத்து அந்த அம்மாவைப் பாதுகாத்தார்கள். எனவே எங்கள் பெட்டி எல்லாத் தெருவுக்கும் போகுமா, நிர்வாகியாகத் தன் பெயர் நிற்குமா என்பது அவருக்கு விளையாட்டு இல்லை. நான் ஆறு பெயரைச் சொல்லும்வரை எல்லோரும் தலையாட்டினார்கள். ஏழாவது பெயரைச் சொன்னதும் ஒரே நேரத்தில் எல்லோருக்கும் தண்ணீர் தாகம் எடுத்தது. குடித்து முடித்துவிட்டுச் சரி என்றார்கள்.

ஏழு பேரில் மூன்று பேர் நல்லவர்கள். அதனால் அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மற்றவர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

கை தானாக உயர்ந்தது

தலைவர் தனபால் அருப்புக்கோட்டையில் வத்தல் மண்டி வைத்திருப்பவர். பெட்டியை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். எடை சரியில்லை என்று அதே மண்டியின் வாசலில் நான் ஒரு காலத்தில் ஆட்களோடு உட்கார்ந்திருக்கிறேன். அறக்கட்டளையின் முதல் கூட்டத்தில் அவரை அறிமுகம் செய்யும் வேலை எனக்கு வந்தது. மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். “வத்தல் மண்டி உரிமையாளர் தனபால் அவர்களை” என்ற இடத்துக்கு வந்ததும் குரல் தானாக ஏறிவிட்டது. கூடவே வலது கையும் ஏறிவிட்டது. பின் வரிசையில் என் பழைய ஆட்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களும் பழக்கத்தை மறக்கவில்லை. “கண்டிக்கிறோம்! கண்டிக்கிறோம்!” என்று ஒரே குரலில் முடித்துவைத்தார்கள்.

மண்டபம் சிரித்து அடங்குவதற்குள் நான் அவசரமாகத் துண்டைப் போர்த்தினேன். தனபால் அதைச் சரிசெய்துகொண்டு, மைக்கைக் கையால் மூடியபடி என்னிடம் சொன்னார்: “ஒங்க வாயில என் பேரு வந்தாலே, போயிக் கடைய அடைக்கணும்போல இருக்கு தோழரே.”

ஒரே வண்டியிலா?

நிர்வாகிகளை ஊருக்கு அறிமுகம் செய்ய திருச்சுழி பஸ் ஸ்டாப்பில் ஃபிளெக்ஸ் வைத்தோம். மேலே ஏழு பேரின் படம், கீழே ஐஸ் பெட்டியின் படம். பிரிண்ட் போட்டுக் கொடுத்த பையனிடம் அன்றாடம் ஓடுவது கண்ணீர் அஞ்சலி போர்டுதான். அதே அச்சில் எங்கள் தலைகளை மாற்றிவைத்துவிட்டான். ஒவ்வொரு தலைக்குப் பின்னாலும் ஒரு வெளிச்ச வட்டம். மூலையில் ஒரு குத்துவிளக்கு வேறு எரிந்துகொண்டிருந்தது. கட்டி முடித்துவிட்டுத்தான் நான் அண்ணாந்து பார்த்தேன்.

அதற்குள் பஸ்ஸிலிருந்து இறங்கிய பெரியவர் ஒருவர் தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். “ஏழு பேரும் ஒரே வண்டியிலயா போனாக?” என்று கேட்டார். யாரும் போகவில்லை, இவர்களெல்லாம் சேவை செய்கிறவர்கள் என்று விளக்கினேன். அவர் ஃபிளெக்ஸில் இருந்த என் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். பிறகு என் தோளைத் தொட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: “அந்த ரெண்டாவது ஆளு ஒங்க அண்ணனா? சாடை அப்படியே இருக்கு. மனசத் தேத்திக்கங்க.”

பாய்க்கு இதில் என்ன வேலை

வீரசோழன் ஊர்க்காரர் சிக்கந்தர் லோடு ஆட்டோ வைத்திருக்கிறார். பெட்டியை ஏற்றி இறக்குவது அவர் பொறுப்பு. ஒரு கிராமத்தில் அவரை அறிமுகம் செய்தபோது கூட்டத்தில் ஒருவர் எழுந்தார். “பாய்மாருக பொட்டியிலயே வைக்க மாட்டாக. அன்னைக்கன்னைக்கே அடக்கிருவாக. இவருக்கு இதுல என்ன வேலை?” என்று கேட்டார். கேட்டதில் விசமம் கொஞ்சம், சந்தேகம் கொஞ்சம். எனக்கு இதைவிட நல்ல வாய்ப்பு எப்போது கிடைக்கும்? மக்கள் ஒற்றுமை பற்றி ஆரம்பித்தேன். நாலு பக்கத் துண்டறிக்கை அளவுக்கு விசயம் கைவசம் இருந்தது.

முதல் பக்கம் முடிவதற்குள் சிக்கந்தர் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துவிட்டார். கேட்டவரைப் பார்த்துச் சொன்னார்: “அதுதான் மாமா வசதி. பொட்டி தேவைப்படாத ஆளு ஒருத்தனாவது வண்டிய ஓட்டணும்ல? மத்த ஆறு பேருகிட்டயும் குடுத்தா, என் தெருவுக்குத்தான் மொதல்லன்னு ரோட்டுலயே நிப்பாட்டிருவாக.”

ஒட்டிய காகிதம்

கோவிலில் ட்யூப் லைட் வாங்கிக் கொடுத்தால் வெளிச்சம் தெரியாத அளவுக்கு அதன்மேல் உபயம் என்று பெயர் எழுதிவைக்கிற ஊர்கள் எங்களுடையவை. ஐஸ் பெட்டி என்று வந்தபோது மட்டும் யாருக்கும் பெயர் போட மனசில்லை. பிணம் படுக்கிற பெட்டியில் போய் நம் பெயரா என்றார்கள். பெயிண்டர் தனபால் பெயரைச் சிவப்பில் எழுதி முடித்ததும் அது பார்க்க அழகாக இருந்தது. உடனே எல்லோருக்கும் மனசு மாறிவிட்டது. பெட்டியின் பக்கவாட்டில் ஏழு பெயரும் வரிசையாக ஏறின. கடைசியில் முத்துராக்கு.

அதற்குப் பிறகு சில தெருக்களிலிருந்து பெட்டி திரும்பும்போதெல்லாம், கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் ஒன்று அதில் ஒட்டியிருக்கும். எவ்வளவோ இடம் இருக்க, சரியாக ஏழாவது பெயரின் மேல்தான் இருக்கும். பசையை நன்றாகத் தடவி, மூலை மடங்காமல் ஒட்டியிருப்பார்கள். நான் ஈரத்துணியும் பிளேடும் வைத்துச் சுரண்டுவேன். சுரண்டும்போது வாய் சும்மா இருக்காது. ஒருநாள் மில்லிலிருந்து வந்த முத்துராக்கு அதைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுச் சொன்னார்: “பேர மறைச்சா மறைச்சுட்டுப் போறாகண்ணே. எங்க தெருவுக்கு வந்துட்டுப் போன பொட்டியிலதான அவுக அய்யா படுத்திருந்தாரு?”

தலைவர் வீட்டுக்கு வந்த பெட்டி

தனபாலின் அப்பா வயசாளி. ஒருநாள் காலையில் காலமாகிவிட்டார். அப்போது எங்கள் பெட்டி காலனித் தெருவில் ஒரு வீட்டில் இருந்தது. அங்கே மதியத்துக்குள் எடுத்துவிடுவார்கள், கழுவித் துடைத்து உடனே கொண்டுவந்துவிடுகிறேன் என்று சிக்கந்தர் போன் செய்தார். வேண்டாம், வேறு ஏற்பாடு ஆகிவிட்டது என்றார் தனபால். நான் மாலையோடு போனபோது மதுரையிலிருந்து வந்த வாடகைப் பெட்டி ஒன்று நடு வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அதன்மேல் யாரோ ஒருவருடைய போன் நம்பர் பெரிதாக எழுதியிருந்தது. ஊருக்கெல்லாம் பெட்டி வாங்கிக் கொடுத்தவர் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் பந்தலுக்குள் வந்து உட்கார்ந்தேன். சாவு வீட்டில் கோசம் போடுகிற வழக்கம் எங்கள் இயக்கத்தில் கிடையாது.

சாயங்காலம் ஷிப்டு முடிந்து முத்துராக்கு வந்தார். சிக்கந்தர் தன் வண்டியைத் தெருமுனையில் நிறுத்தியிருந்தார். அதில் எங்கள் பெட்டி கழுவிக் காய்ந்து, வேலையில்லாமல் இருந்தது. முத்துராக்கு அதைக் கடந்துதான் உள்ளே வந்தார். மாலையை வைத்துவிட்டு மதுரைப் பெட்டியை ஒருமுறை பார்த்தார். வெளியே வரும்போது தனபாலுக்கு முன்னால் நின்று, குத்தலாக இல்லை, உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார்: “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எங்க தெருவுல முந்தியே எடுத்திருப்போமே முதலாளி. பெரியவருக்குன்னா மாட்டேம்போமா?”



ஏழும் சமம்

ஆண்டுக் கூட்டத்துக்கு முன்னால் நிர்வாகிகள் மட்டும் கூடினோம். இந்த முறை தலைவரை எப்படி அறிமுகம் செய்ய வேண்டும் என்று நான் முடிவு செய்துவைத்திருந்தேன். மதுரைப் பெட்டி உட்பட எல்லாவற்றையும் மேடையில் சொல்வதாக இருந்தேன். அதற்குள் தனபால் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். “சாவு வீட்டுல போயி நம்ம பேரப் போட்டு விளம்பரம் பண்றது அசிங்கமா இருக்கு. பேரெல்லாம் வேண்டாம். ஏழையும் அழிச்சிருவோம். எல்லாரும் சமம்” என்றார். நல்லவர்கள் மூன்று பேரும் உடனே கை தூக்கினார்கள். நல்லவர்கள் எப்போதும் சீக்கிரம் கை தூக்கிவிடுவார்கள். சிக்கந்தர் என்னைப் பார்த்தார். நான் எழுந்துவிட்டேன். என் ஆயுசில் நான் ரோட்டில் கேட்ட சமத்துவம் இது இல்லை என்று ஆரம்பித்து, வெளியே டீக்கடையில் இருந்தவர்கள் எட்டிப்பார்க்கும் அளவுக்குப் பேசினேன். பேசி முடித்துத் திரும்பினால் முத்துராக்குவும் கை தூக்கியிருந்தார்.

“அழிச்சிருங்க முதலாளி. கூடவே இன்னொண்ணும் எழுதிக்கங்க” என்றார். முதலில் யார் போன் செய்கிறார்களோ அவர்களுக்குத்தான் பெட்டி. இதற்கு முன்னால் எந்த வீட்டில் இருந்தது என்று கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. நிர்வாகிகள் வீட்டில் சாவு என்றாலும் இதே பெட்டிதான், வெளிப் பெட்டி கூடாது. கடைசி வரியில் தனபால் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். ஏழு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் தீர்மானம் செல்லும், அவருக்கு அது நிறைவேற வேண்டுமே. கையெழுத்துப் போட்டார். நாங்கள் ஆறு பேரும் போட்டோம். மறுநாளே பெயிண்டர் வந்து பெட்டியைச் சாம்பல் நிறத்தில் அடித்துவிட்டுப் போனார். அந்த வெயில் காலத்தில், முன்பு காகிதம் ஒட்டிய அதே தெருக்களிலிருந்து போன் வந்தது. பெட்டி எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. எப்போது வரும் என்று மட்டும் கேட்டார்கள்.

ஆனாலும் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு எனக்கு ஆறவில்லை. கூட்டம் முடிந்து பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது முத்துராக்குவிடம் கேட்டுவிட்டேன். ஒரு பெயருக்காக நான் எத்தனை நாள் பிளேடு வைத்துச் சுரண்டினேன், நீயே இப்படி விட்டுக் கொடுத்துவிட்டாயே என்றேன். முத்துராக்கு சிரித்துவிட்டார். “என் ஒத்தப் பேர அழிக்கிறதுக்கு அவுக மொத்தப் பேரையும்ல சேத்து அழிக்க வேண்டியிருக்கு? நான் அம்புட்டுப் பெரிய ஆளுன்னு இன்னைக்குத்தான்ணே எனக்கே தெரியுது.”

பெட்டியில் பெயர் இல்லாததால் இப்போது ஊர் ஊராகப் போய் ஏழு பேரையும் நான்தான் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது. முத்துராக்குவிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன், இந்த வாயின் மேல் காகிதம் ஒட்ட போலீசாலேயே முடியவில்லை.