துரைக்குக் குடைந்த பூசணிக்காய்

சமையலறையிலிருந்து கரண்டியால் சுரண்டும் சத்தம் கரகரவென்று கேட்டது. கூடத்தில் மாமனார் படத்துக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்த அம்பிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன்னா, உங்கப்பாவுக்கு இன்னிக்கு முதல் வருஷத் திதி. ஒரு நமஸ்காரம் பண்ணிட்டு அந்தப் பூசணிக்காயைக் குடையப்படாதா?"

"அதெல்லாம் சூப்பர்ஸ்டிஷன். ஆறு மணிக்கு டாக்டர் வார்னர் வரார், தொணதொணக்காதே."

ஜெர்மனியில் இந்த ஹைடல்பர்க் ஆராய்ச்சிக்கூடத்துக்குச் சந்திரமௌலி வந்து ஆறு வருஷம் ஆகிறது. மேலதிகாரி கும்பிடுகிற சாமிதான் அவருக்கும் சாமி. முதலில் வாய்த்தவர் பவேரியாக் கத்தோலிக்கர். இவரும் இறந்தவர்களை நினைக்கும் நாளான நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் தோட்டத்துக்குப் போய், முன்பின் தெரியாத ஜெர்மன்காரர் சமாதியில் மெழுகுவர்த்தி ஏற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்து வந்தவர் நாத்திகர். மறுநாளே இவருக்கும் கடவுள் இல்லாமல் போனார். அப்பா இறந்த தந்தி வந்தது அந்த நாத்திகர் காலத்தில்தான். பாவம், பெரியவருக்கு நேரம் பார்த்துச் சாகத் தெரியவில்லை! மகன் தலையில் ஒரு சொம்புத் தண்ணீர்கூட ஊற்றிக்கொள்ளவில்லை.

இப்போது வார்னர், அமெரிக்கர். அவர் கையெழுத்துப் போட்டால் பாஸ்டனில் உத்தியோகம். ஆகவே வீட்டில் ஹாலோவீன்.

"இது எவ்வளவு ஏன்ஷியன்ட் தெரியுமோ?" என்று பூசணிக்காயோடு வந்தார் சந்திரமௌலி. "அயர்லாந்துல அறுவடை முடிஞ்சு குளிர் ஆரம்பிக்கற ராத்திரி, செத்தவா எல்லாரும் வீடு திரும்புவாளாம். அவாளுக்குச் சாப்பாடு வெப்பா. கெட்ட ஆவி அடையாளம் கண்டுக்காம இருக்க முகமூடி போட்டுப்பா. அப்போ டர்னிப் கிழங்குலதான் முகம் செதுக்கினா. அமெரிக்கா போனப்புறம்தான் பூசணிக்காய்."

"அயர்லாந்துக்காரன் செத்தவாளுக்குச் சோறு வெச்சா கல்ச்சர். நான் மத்தியானம் காக்கைக்கு வெச்சது சூப்பர்ஸ்டிஷனா? பேஷ்!"

அழைப்புமணி அடித்தது. ஊரில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்க் குடியிருப்பில் குழந்தைகள் வேஷம் கட்டி மிட்டாய் கேட்கப் போகும் கூத்துக்குப் புறப்பட்ட வார்னர், நெற்றியில் ஏற்றிவிட்ட பேய் முகமூடியோடு உள்ளே வந்தார். பூசணிக்காயைத் தட்டிக்கொடுத்தார். பிறகு மாலை போட்ட படத்தையும் விளக்கையும் கண்டு சிரித்தார்.

"அட, இதுவும் ஹாலோவீன் அலங்காரமா? பயமுறுத்துகிற முகம்தான்!"

அம்பிகா கணவனைப் பார்த்தாள். சொல்லுங்கள், ஒரே ஒரு வார்த்தை, என் அப்பா என்று சொல்லுங்கள்!

சந்திரமௌலி இளித்தார். "ஆமாம் சார், சும்மா ஒரு வேடிக்கைக்கு."

பெற்ற தகப்பனைப் பேய்ப்பொம்மை ஆக்கிவிட்டாரே! அம்பிகாவுக்குக் கண்ணீர் முட்டியது. குரல் மட்டும் நடுங்கவில்லை. தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னாள்: "வேடிக்கை இல்லை சார். இவரைப் பெற்ற அப்பா. இறந்து இன்றோடு ஒரு வருஷம்."

வார்னர் முகம் செத்துப்போயிற்று. முகமூடியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் திணித்தார். படத்தின் முன் தலைகுனிந்து நின்றார். அவருக்காக வைத்திருந்த காபியைத் தொடாமல் வாசல் பக்கம் நடந்தார்.

"சார், அந்த பாஸ்டன் லெட்டர்..." சந்திரமௌலி பின்னாலேயே ஓடினார்.

வார்னர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அம்பிகாவிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டு வெளியேறி, கதவைத் தன் கையாலேயே சாத்திக்கொண்டு போனார்.