நைனாவின் கையை உடைத்த யூசுப் பாய்

யூசுப் பாய் போய்விட்டார்... இன்று காலை செஞ்சியிலிருந்து தம்பி ஃபோன் செய்து சொன்னான்.

எங்கள் நைனாவின், அதாவது அப்பாவின், வலது கையை உடைத்த மனிதர். அதற்காக ஜெயிலுக்குப் போனவர். அவருக்காக நான் ஏன் இப்படி அழுகிறேன் என்று என் மருமகளுக்குப் புரியவில்லை. அவளிடம் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். செஞ்சி பஜாரில் எங்களுக்கு மளிகைக் கடை. யூசுப் பாய் அப்போது ஏழுமலை... மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை தூக்கும் ஆள். குடித்துவிட்டால் எதிரில் நிற்பது யாரென்று தெரியாது.

ஒருநாள் கடைவாசலை மறித்து மாட்டுவண்டியை நிறுத்தினார். "வண்டிய எடுடா, ஜனங்க வர வேணாமா?" என்றார் நைனா. அவ்வளவுதான். வண்டியில் கிடந்த இரும்புத்தடி நைனாவின் முழங்கையில் இறங்கியது.

எலும்பு கூடியது, ஆனால் கோணலாக. அதன்பின் நைனா தராசை இடது கையில்தான் பிடிப்பார். பொட்டலத்தை யார் கையிலும் தர மாட்டார், பலகைமேல் வைத்துவிடுவார். பீச்சாங்கையால் கொடுத்தால் வாங்குகிறவர் மனசு கோணும் என்று அவருக்கு ஒரு எண்ணம்.

களி தின்னப் போன ஏழுமலை, திரும்பி வந்தபோது யூசுப்!

ஊர் சும்மா இருக்குமா? "பேர மாத்திக்கினா ஆளு மாறிடுவானா?" என்று முதலில் கேட்டது எங்கள் அம்மாதான். எனக்கும் பயம். தாடியோடு அவர் தெருவில் வருவது தெரிந்தால் உள்ளே ஓடிவிடுவேன்.

அந்த வருஷம் நோன்பு மாதத்தில் அவர் எங்கள் கடைக்கே வந்தார். செஞ்சியில் வேறு கடையா இல்லை?

ராஜகிரி மலைப் பக்கம் வெயில் இறங்கும் நேரம். ஓரமாக நின்று பேரீச்சம்பழம் கேட்பார். நைனா நிறுத்துப் பலகையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். மறுநாளும் வருவார்.

கடைசியில் நைனாதான் வெடித்தார். "இன்னாத்துக்குடா தெனம் வந்து நிக்கற? சாமிய மாத்திக்கினா செஞ்சதெல்லாம் சரியாப்பூடுமா?"

பாய் தலையைக் குனியவில்லை. நேராக நின்று சொன்னார்.

"சரியாவாது மொதலாளி. உங்க கை கோணலாத்தான் இருக்குது, நானும் பாக்கறனே. உள்ள போன புதுசுல எனக்கு வெறி. களித் தட்ட வீசிட்டு பட்டினி கெடந்தேன். அது நோன்பு மாசம்னு எனக்குத் தெரியாது. சாயந்தரம் கூட இருந்த பாய்மாருங்க, இவரும் காலைலேர்ந்து சாப்புடல, நோன்பு புடிச்சிருக்காருன்னு நெனச்சிக்கினு, என் கையில ஒரு பேரீச்சம்பழத்த வச்சாங்க. 'நோன்பு தொறங்க பாய்'னாங்க. அதுவரிக்கும் என்ன எவனும் 'ங்க' போட்டுப் பேசினதில்ல மொதலாளி. நான் கோவத்துல கெடக்கறேன்னு சொல்ல வாய் வரல, வாங்கித் தின்னுட்டேன். அது பொய் நோன்பு. மறுநாளு நெசமாவே புடிச்சேன்..."

கொஞ்சம் மூச்சு வாங்கினார்.

"தொழுவக் கத்துக்கினேன். குடி போச்சி, வெறி போச்சி. ஆனா ஒரு மனுசனுக்குச் செஞ்ச தப்ப அந்த மனுசந்தான் மன்னிக்கணும்னு எங்க மார்க்கத்துல இருக்குது. நீங்க மன்னிக்காம நான் எப்பிடி அல்லா முன்னால போயி நிப்பேன்? அதான் வர்றேன்."

பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் பாங்கு சொன்னார்கள்.

டப்பாவிலிருந்து ஒரு பழத்தை எடுத்தார் நைனா... வலது கையால். கை மேலே எழும்பவில்லை. இடது கையை முட்டுக்கொடுத்துத் தூக்கி, பாயின் உள்ளங்கையில் வைத்தார்.

"நோன்பு தொறங்க பாய்."

யூசுப் பாய் அந்தப் பழத்தை அழுதுகொண்டேதான் தின்றார்.

அம்மாவுக்குத்தான் கோபம். "வலிக்கிற கையால ஏன் குடுத்தீங்க?"

"நோன்புக்குக் குடுக்கறதுடி. பீச்சாங்கையாலயா குடுப்பாங்க?" என்றார் நைனா.

அதன்பிறகு எங்கள் கடைக்கு லோடு இறக்கியது அவர்தான். வேலை முடிந்தால் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவார். ஜெயிலிலிருந்து வருகிறவர்களைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்... கூட்டிப்போய்ச் சோறு வாங்கித் தந்து, மூட்டை தூக்கும் வேலையும் பிடித்துத் தருவார்.

"எப்படி பாய் தெரியும்?" என்று கேட்டேன். "பஸ்ஸ விட்டு எறங்கினதும் எந்தப் பக்கம் போவறதுன்னு தெரியாம நிப்பான்மா. நானும் அப்பிடி நின்னவன்தானே?"

அமாவாசையென்றால் மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்ஸில் வயசானவர்களுக்கு சீட் பிடித்துத் தருவார். 'அங்காளம்மனுக்கு ஆள் ஏத்தற பாய்' என்று கண்டக்டர்கள் கிண்டல் செய்வார்கள். "இந்தக் கைக்கி வேல குடுத்துக்கினே இருக்கணும்பா" என்று சிரிப்பார்.

நைனா போனபோது பாடைக்குத் தோள் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். அப்போதே அவருக்கு நல்ல வயசு. யார் சொல்லியும் தோளை மாற்றவில்லை.

இன்று சாயங்காலம் அடக்கம். முழங்கால் வலியோடு என்னால் சென்னையிலிருந்து போக முடியவில்லை... தம்பி போயிருக்கிறான்.

"மண்ணு போடும்போது வலது கையால போடுடா" என்றேன்.

"தெரியும்க்கா" என்றான்.

போய் வாருங்கள் பாய்... அங்கே அல்லா முன்னால் நிமிர்ந்தே நில்லுங்கள்.