சாயம் ஊற்றச் சொன்ன டீச்சர்

சத்தியபாமா டீச்சர் ஒன்றைப் பிடித்தால் விடவே மாட்டார். பதுளையில் ஒரே பாடசாலையில் படிப்பித்தோம். அவர் இரசாயனம், நான் கணிதம். 2003இல் ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்த அவருடைய தங்கை விஜிதாவின் மகன் கிஷாந்தனுக்கு வயிற்றோட்டம் நிற்கவேயில்லை. மேலேயிருக்கும் கக்கூஸ் குழி, மலையூற்றிலிருந்து வரும், குடிக்கிற பீலித் தண்ணீரில் கசிகிறது என்று டீச்சருக்குச் சந்தேகம். நிரூபிக்க வேண்டுமே!

டீவிப் பெட்டிக்குள் வரும் வெள்ளை நுரை அட்டையான ரெஜிபோமைக் கரைத்து, சவர்க்காரத் தண்ணீரில் விடாமல் கலக்கி, கண்ணுக்குத் தெரியாத, கிருமியளவுப் பிளாஸ்டிக் மணிகளாக்கினார். யா அல்லாஹ், அந்த நாற்றம்! எனக்குத் தலையிடியே வந்தது. ரோஸ் சாயம் ஏற்றினால் ஒரே கழுவலில் ஓடிவிட்டது.

"வழவழன்னு இருக்கு ஜெனீரா, பிடிக்கவே மாட்டேங்குது" என்றார் என்னிடம்.

பிறகு மணிகளை அமிலத்தில் ஊறவைத்து அவற்றின் மேற்பரப்பையே மாற்றினார். அதற்குப் பின் எத்தனை தரம் கழுவினாலும் சாயம் போகவில்லை. கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கின் கீழ் செம்மஞ்சளாக ஒளிர்ந்தது. குழியில் ஊற்றிய மணி பீலிக்கு வந்தால், கிருமியும் வரும்.

போத்தலை விஜிதா வீட்டில் வைத்து, "நாளைக்கு மறக்காம அந்தச் சாயத்தக் குழியில ஊத்திடு" என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்த வாரம் பீலித் தண்ணீரை வடிகட்டிப் பார்த்தோம். ஒன்றுமே ஒளிரவில்லை. "நல்ல தண்ணிதான்டி" என்று டீச்சர் சிரித்த சிரிப்பை அன்று பார்த்திருக்க வேண்டும். விஜிதாவும் தண்ணீரைக் கொதிக்க வைப்பதை விட்டாள்.

மாதம் முடியவில்லை, கிஷாந்தன் ஆஸ்பத்திரியில். அவனுக்கு உடுப்பு எடுக்க மூவரும் லயத்துக்குப் போனோம். அடுப்படித் தட்டில் அந்தப் போத்தல், மூடி திறக்காமல் இருந்தது.

"இது என்னடி?"

"நீ சாயம்னுதானே சொன்ன? கேத்தல்ல மிஞ்சியிருந்ததக் கொண்டுபோய் ஊத்துனேன்."

லயத்தில் சாயம் என்றால் வெறுந்தேநீராம். எனக்குத் தெரியாது, சரி. அங்கேயே பிறந்து வளர்ந்தவருக்குமா மறக்கும்? எனக்கு வந்த எரிச்சலில் டீச்சரின் முகத்துக்கு நேரே கேட்டே விட்டேன். டீச்சர் போத்தலை எடுத்துக்கொண்டு குழிக்கு நடந்தார்.

பையன் தேறி வீட்டுக்கு வந்த பிறகு, பீலித் தண்ணீரை மறுபடி வடிகட்டி, பகலிலேயே கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஊதா விளக்கைப் போட்டோம். வடிதாள் நிறையச் செம்மஞ்சள் புள்ளிகள். அவ்வளவு பாடுபட்டுச் செய்தது பலித்திருக்கிறது, டீச்சரோ அழுதுகொண்டிருந்தார்.

"கொதிக்க வெக்காம இதக் குடுத்தவ நாந்தானேக்கா?" என்றாள் விஜிதா.

"நல்ல தண்ணின்னு சொன்னவ நான்டி."